தாடை வலிக்குக் கிளிப்பும் ஆபரேஷனும்: முடிவெடுக்கும் முன் ஒவ்வொரு படியாக

தாடை வலியோடு வருடக்கணக்கில் அலைந்தவர்களிடம் யாராவது ஒருவர் ஒரு நாள் சொல்லிவிடுகிறார்: "உங்க கடி சரியில்லை. கிளிப் போட்டு, தாடையை ஆபரேஷன் பண்ணி நகர்த்திட்டா வலி போயிடும்." முப்பத்தைந்து வயதில் பல்லுக்குக் கம்பி கட்டுவதே பலருக்குக் கூச்சம். எலும்பை அறுப்பது என்றால் வயிற்றைக் கலக்கும். இருந்தாலும் தினமும் நெற்றிப்பொட்டு வலிக்கும்போது எதற்கும் தலையாட்டத் தோன்றும். அந்த இடத்தில் நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மேல்வரிசைப் பல்லும் கீழ்வரிசைப் பல்லும் பொருந்தும் விதத்தைத்தான் பல் டாக்டர்கள் கடி என்கிறார்கள். வலி ஒரு கணக்கு, கடி இன்னொரு கணக்கு. கிளிப்பும் தாடை ஆபரேஷனும் கடியைச் சரிசெய்யும் வைத்தியங்கள். அந்த வேலையை அவை நன்றாகவே செய்கின்றன. வலியை அவை தீர்க்குமா என்பது வேறு கேள்வி. சிலருக்குக் குறைகிறது, சிலருக்கு அப்படியே இருக்கிறது, சிலருக்குக் கூடவும் செய்கிறது. யாருக்கு எது நடக்கும் என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. ஆகவே இரண்டு கணக்கையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

படி 1: வலி எங்கிருந்து வருகிறது?

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் ஒரு குமிழ் உருள்வது தெரியும். அதுதான் தாடை மூட்டு. கீழ்த்தாடையின் தலைப்பகுதிக்கும் மண்டையோட்டுக் குழிக்கும் நடுவே மெல்லிய வட்டு ஒன்று இருக்கிறது. அது முன்னால் நழுவி, வாய் திறக்கும்போது மீண்டும் இடத்தில் ஏறினால் 'டக்' என்று சத்தம் கேட்கும். சத்தம் மட்டும் இருந்து வலி இல்லை என்றால் வைத்தியமே தேவையில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் வலியே இல்லாதவர்களில்கூட ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வட்டு நழுவித்தான் இருக்கும். ஸ்கேனில் 'டிஸ்க் விலகியிருக்கு' என்று வந்ததற்காகப் பயப்பட வேண்டாம்.

நாள்பட்ட தாடை வலியில் பெரும்பகுதி மூட்டிலிருந்து வருவதல்ல, தசையிலிருந்து வருவது. பல்லை இறுக்கிக் கடித்துப் பாருங்கள். கன்னத்தில் ஒரு தசையும் நெற்றிப்பொட்டில் ஒரு தசையும் புடைக்கும். அந்த இடங்களை அழுத்தும்போது உங்கள் வழக்கமான வலி அப்படியே எழும்பினால் தசையின் மேல் சந்தேகம் வலுக்கிறது.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுந்தவுடனே வலி என்றால் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள் என்று நினைக்க இடமுண்டு. சாயங்காலம் வலி ஏறுகிறது என்றால் பகலில், கம்ப்யூட்டர் முன்னாலோ வண்டி ஓட்டும்போதோ, தெரியாமலே பல்லை இறுக்கிக்கொண்டிருக்கலாம். சாப்பிடும்போது மட்டும் காதுப்பக்கம் குத்துகிறது என்றால் மூட்டைப் பார்க்க வேண்டும். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளும் பல் கடிப்பைக் கூட்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள்.

வாய் எவ்வளவு திறக்கிறது என்பதையும் பாருங்கள். உங்கள் மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே நுழைக்க முடிந்தால் சரி. பெரியவர்களுக்கு 40 மி.மீ.க்குக் குறையாமல் திறப்பது வழக்கம். பாக்கு, பான் மசாலா போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு வாய் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, காரம் பட்டால் எரிகிறது என்றால் அது மூட்டுப் பிரச்சினை என்று விட்டுவிடக் கூடாது. கன்னத்தின் உட்பக்கம் நார்க்கட்டி இறுகும் நோய் அது, புற்றுநோய்க்கு முந்தைய நிலையாகவும் இருக்கலாம். நம் ஊரில் இதைத் 'தாடை பிடிச்சிருக்கு' என்று சொல்லித் தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய.

இன்னும் சில அறிகுறிகளுக்குப் பல் டாக்டருக்காகக் காத்திருக்கவே கூடாது. நடந்தால் தாடையிலும் இடது கையிலும் வலி வந்து, நின்றால் குறைகிறது என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும். நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் சேர்ந்து வந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஐம்பது வயதுக்கு மேல் மெல்லும்போது தாடை அசந்து, தலைத்தோல் தொட்டாலே வலித்து, பார்வையும் மங்கினால் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். அன்றைக்கே பார்க்காவிட்டால் கண் போகும் அபாயம் உண்டு. முகத்தில் மின்சாரம் பாய்ந்ததுபோல் சில விநாடி வெட்டும் வலி நரம்புக்கானது, அதற்கு மருந்தே வேறு.

படி 2: கத்தி வேண்டாத வைத்தியத்துக்கு முழு வாய்ப்பு

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். 2023 டிசம்பரில் பி.எம்.ஜே. மருத்துவ இதழ் நாள்பட்ட தாடை வலிக்கு ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. அது வலுவாகப் பரிந்துரைத்தவை பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் தாடைப் பயிற்சி, கழுத்து–உடல் நிலைப் பயிற்சி, தசை முடிச்சுகளைக் கையால் அழுத்தித் தளர்த்துவது, வீட்டுப் பயிற்சி, வலியைக் கையாள உதவும் மனநல ஆலோசனை. கடியை நிரந்தரமாக மாற்றும் ஸ்பிளின்ட்டையும் (பல்வரிசையின்மேல் மாட்டும் உறை), மூட்டு வட்டை வெட்டி எடுப்பதையும் அது வலுவாக எதிர்த்தது. தூங்கும்போது பல்லில் மாட்டும் வழக்கமான நைட் கார்டு, தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி போன்றவைகூட அதன் 'பொதுவாக வேண்டாம்' பட்டியலில்தான் இருக்கின்றன.

நைட் கார்டை அடியோடு ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். தூக்கத்தில் கடித்துப் பல் தேய்பவர்களுக்கு அது பல்லைக் காக்கும். வலியைக் குறைக்க அதை மட்டுமே நம்பி இருந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

வீட்டில் செய்வதற்கு இரண்டு பழக்கம் சொல்கிறேன். 'நான்' என்று சொல்லி, கடைசி 'ன்' ஒலியிலேயே நிறுத்துங்கள். நாக்கு நுனி மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் ஒட்டியிருக்கும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல் இருக்கும். அப்படியே உதட்டை மட்டும் மூடினால் அதுதான் தாடையின் ஓய்வு நிலை. பல்லோடு பல் படுவது சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் மட்டும் போதும். மற்ற நேரமெல்லாம் பல் விலகியே இருக்க வேண்டும். இது ஞாபகம் வர, ஸ்டிக்கர் பொட்டு ஒன்றைக் கம்ப்யூட்டர் ஓரத்திலும், ஒன்றைப் போனின் பின்பக்கத்திலும், ஒன்றை அடுப்படி டைல்ஸிலும் ஒட்டுங்கள். பொட்டு கண்ணில் படும்போதெல்லாம் பல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். முதல் நாள் எத்தனை தடவை ஒட்டியிருக்கிறது என்பதைக் கண்டு ஆச்சரியப்படுவீர்கள்.

இரண்டாவது, நாக்கு அந்த இடத்திலேயே இருக்க, கண்ணாடி முன்னால் வாயை மெதுவாகத் திறந்து மூடுவது. தாடை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகாமல் நேராக இறங்க வேண்டும். அதற்கு முன் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கன்னத்தில் கால் மணி நேரம் வைத்தால் தசை இளகும். வலி கூடியிருக்கும் நாட்களில் முறுக்கு, சீடை, கரும்பு, பரோட்டா, சூயிங்கம் எல்லாவற்றுக்கும் லீவு கொடுங்கள். ஆனால் மாதக்கணக்கில் கஞ்சி குடித்துத் தாடைக்கு வேலையே கொடுக்காமல் இருப்பதும் தப்பு.

இதையெல்லாம் ஒழுங்காக மூன்று முதல் ஆறு மாதம் செய்யுங்கள். ரொம்பப் பேருக்கு வலி இங்கேயே தாங்கும் அளவுக்கு இறங்கிவிடும்.

படி 3: கடியில் நிஜமாகவே கோளாறு இருக்கிறதா?

இப்போது இரண்டாவது கணக்கு. வலியை மறந்துவிட்டுக் கடியை மட்டும் பாருங்கள். கீழ்த்தாடை ரொம்பப் பின்வாங்கி, கீழ்ப்பல் மேல் அண்ணத்தில் குத்துகிறதா? கீழ்த்தாடை முன்தள்ளி, மேல்வரிசை அதற்குள் அடங்கிவிடுகிறதா? பின்பல்லைக் கடித்தாலும் முன்பல் சேராமல், தோசையை முன்பல்லால் கடித்து இழுக்க முடியாமல் இருக்கிறதா? முகம் ஒரு பக்கம் கோணியிருக்கிறதா? குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா? இவை எலும்பு அமைப்பின் கோளாறுகளாக இருக்கலாம். வளர்ச்சி முடிந்த பெரியவர்களுக்கு இப்படிப்பட்ட பெரிய கோளாறுகளைக் கிளிப் மட்டும் தீர்க்காது, ஆபரேஷனும் வேண்டியிருக்கும். முன்பல் இரண்டு லேசாகப் பின்னியிருப்பதோ, பல்வரிசையின் நடுக்கோடு இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருப்பதோ இந்தப் பட்டியலில் வராது.

இங்கே இரண்டு இடங்களில் தடுக்கி விழ வாய்ப்பிருக்கிறது. முதலாவது: "ஸ்பிளின்ட் போட்டதும் வலி குறைஞ்சுதே, அப்போ கடிதான் காரணம், கடியை நிரந்தரமா மாத்திடுவோம்." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்பிளின்ட் போட்டுக் குறைந்த வலி, போடாமல் இருந்தும் அதே காலத்தில் குறைந்திருக்கலாம். நாள்பட்ட வலி ஏறி இறங்கும் இயல்புடையது, நாம் வைத்தியத்துக்குப் போவதே அது உச்சத்தில் இருக்கும்போதுதான். பல்லை அராவிக் குறைத்தும் கடியை மாற்றியும் மூட்டு வலிக்கு வைத்தியம் செய்வதைத் தவிர்க்கும்படி அமெரிக்க அரசின் தேசியப் பல்–முக ஆராய்ச்சி நிறுவனமே எச்சரிக்கிறது.

இரண்டாவது: கடி சமீபத்தில் மாறியிருப்பது. இரண்டு வருடத்துக்கு முன் சேர்ந்த முன்பல் இப்போது சேரவில்லை, அல்லது தாடை மெல்ல ஒரு பக்கம் போகிறது என்றால் மூட்டின் தலை கரைகிறது அல்லது வளர்கிறது என்று பொருளாக இருக்கலாம். இளம் பெண்களிடம் இந்தக் கரைவு கூடுதலாகக் காணப்படுகிறது. அது ஓயும் முன் கிளிப் போட்டால், ஓடும் பஸ்ஸில் பட்டன் தைத்த கதைதான். பழைய போட்டோக்களை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேனும், எலும்பு எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்று காட்டும் ஐசோடோப் ஸ்கேனும் கேட்பார்கள்.

கிளிப்புக்கும் மூட்டு வலிக்கும் உள்ள தொடர்பில் ஒரு பழைய வழக்கு உண்டு. கிளிப்பால்தான் தாடை வலி வந்தது என்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு பெண் வழக்குப் போட, 1987ல் ஜூரி அவருக்குப் பெருந்தொகை நஷ்டஈடு கொடுத்தது. அந்த அதிர்ச்சியில் பல் சீரமைப்புத் துறை ஆய்வுகளில் இறங்கியது. கிளிப் வலியை உண்டாக்குவதும் இல்லை, நம்பும்படி தீர்ப்பதும் இல்லை என்ற பக்கமே அவை சாய்ந்தன. 2010ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வும், மூட்டு வலிக்காகக் கிளிப் போடுவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தது.

படி 4: யாரைப் பார்ப்பது, என்ன கேட்பது

மூன்று பேர் தேவை: வலியைப் பார்ப்பவர், கிளிப் போடும் ஆர்த்தோடான்டிஸ்ட், ஆபரேஷன் செய்யும் முகத்தாடை அறுவை நிபுணர். பின்னவர்கள் இருவரும் அந்தந்தத் துறையில் எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) முடித்திருக்க வேண்டும். கம்பி கட்டுவதற்கு முன்பே இந்த இருவரும் உங்களை ஒன்றாகப் பார்த்து ஒரே திட்டம் சொல்ல வேண்டும். 'முதல்ல கிளிப் போடுவோம், சர்ஜனை அப்புறம் பார்க்கலாம்' என்றால் அங்கே நிற்காதீர்கள். ஆபரேஷனுக்காகப் பல்லை நகர்த்தும் திசையும் ஆபரேஷன் இல்லாமல் சமாளிக்க நகர்த்தும் திசையும் பெரும்பாலும் நேர் எதிர். சென்னை கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் இந்தத் துறைகள் ஒரே வளாகத்தில் இருப்பது வசதி. கூட்டமும் காத்திருப்பும் இருக்கும்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று என்றால் இதைக் கேளுங்கள்: "டாக்டர், எனக்கு வலியே இல்லைன்னு வெச்சுக்குங்க. அப்பவும் இந்த ஆபரேஷனைச் செய்யச் சொல்வீங்களா?" ஆமாம் என்று காரணத்தோடு பதில் வந்தால் மேலே பேசலாம். தயங்கினால் படி 2க்குத் திரும்புங்கள். அதோடு, எனக்கு வந்திருக்கும் நோயின் பெயர் என்ன, ஒன்றும் செய்யாமல் விட்டால் ஐந்து வருடத்தில் என்ன ஆகும், வலி கூடிவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எந்த ஆபரேஷன் என்பதிலும் தெளிவு வேண்டும். தாடை எலும்பை அறுத்து நகர்த்துவது ஒன்று; மூட்டையே திறப்பது முற்றிலும் வேறொன்று. 1980களில் அமெரிக்காவில் மூட்டு வட்டுக்குப் பதிலாக டெஃப்லான் கலந்த செயற்கைப் பொருளைப் பலருக்கு வைத்தார்கள். அது பொடிந்து எலும்பை அரித்தது; 1990–91ல் அரசு எச்சரித்துத் திரும்பப் பெற வைத்தது. மூட்டைத் திறப்பது கடைசி வழி என்ற எச்சரிக்கை உணர்வு அதற்குப் பிறகு வலுத்தது.

படி 5: பணமும் இன்சூரன்ஸும்

தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் லட்சங்களில் போகும். கிளிப் செலவு தனி. இந்திய மருத்துவக் காப்பீடுகள் அழகுக்கான அறுவையையும், விபத்தால் அல்லாத பல் வைத்தியத்தையும் பொதுவாக விலக்கி வைக்கின்றன. தாடை ஆபரேஷனை 'அழகுக்கு' என்ற பெட்டியில் போட்டு நிராகரிப்பது சர்வ சாதாரணம். மெல்லுவது, மூச்சு, பேச்சு ஆகியவற்றில் என்ன குறை என்று சர்ஜன் எழுதிய கடிதத்தோடு, அட்மிட் ஆவதற்கு முன்பே எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். ஏஜென்ட் போனில் சொன்ன 'கிடைக்கும் சார்' கணக்கில் வராது.

படி 6: கிளிப் காலம்

வலி சில மாதமாவது அடங்கி நின்ற பிறகே கம்பி. ஈறு வீக்கம், சொத்தை, சர்க்கரை மூன்றையும் முதலில் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். ஈறு ஆரோக்கியமாக இருந்தால் வயது தடை இல்லை. கீழ்த்தாடையை அறுப்பதாக இருந்தால், ஞானப்பல் புதைந்திருக்கும்போது சில மாதம் முன்பே அதை எடுத்துவிடும் வழக்கம் உண்டு.

ஆபரேஷனுக்கு முந்தைய கிளிப் காலம் பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை வருடம். இதில் முகம் பார்க்க இன்னும் மோசமாகும், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எலும்புக் கோளாறை ஈடுகட்ட இத்தனை வருடம் சாய்ந்து நின்ற பற்களை நிமிர்த்தும்போது, மறைந்திருந்த இடைவெளி முழுதாக வெளியே தெரியும். பொண்ணு பார்க்க வருகிறார்கள், வேலை மாற்றம், வீட்டில் கல்யாணம் என்று எதுவாக இருந்தாலும் இந்தக் காலத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவே ரப்பர் மாட்டியதும் மூட்டு வலி கிளம்பினால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காமல் உடனே சொல்லுங்கள். இழுவையைக் குறைக்க முடியும்.

படி 7: ஆபரேஷனும் அடுத்த ஆறு வாரமும்

முழு மயக்கத்தில், வாய்க்குள்ளேயே கீறிச் செய்வார்கள்; முகத்தில் தழும்பு பெரும்பாலும் இருக்காது. கீழ்த்தாடையை இருபுறமும் நீளவாக்கில் பிளந்து நகர்த்தும் முறை 1950களில் சூரிச்சில் ஹ்யூகோ ஓப்வெகேசர் உருவாக்கியது. மேல்தாடையைக் குறுக்கே அறுத்து நகர்த்தி, டைட்டானியம் தகடும் திருகாணியும் கொண்டு பொருத்துவார்கள்.

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போகும். கண்ணாடியைப் பார்த்து அழுதுவிடுவது சகஜம். தலையை உயர்த்தி வைத்துத்தான் தூங்க வேண்டும், மூக்கு அடைத்துக்கொள்ளும், ரப்பரால் வாய் கட்டப்பட்டிருப்பதால் பேச்சு குழறும். முதல் வாரங்களில் எல்லாம் திரவம்தான்: சாதத்தையும் பருப்பையும் மிக்ஸியில் அடித்து வடிகட்டி, கொஞ்சம் நெய் விட்டு, ஊசியில்லாத சிரிஞ்சில் கன்னத்து ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது. எடை இறங்கும், ராகிக் கஞ்சி, முட்டை அடித்த பால், புரதப் பொடி என்று முன்பே யோசித்து வையுங்கள். அப்புறம் குழைந்த சாதம், இடியாப்பம், பாலில் ஊறிய இட்லி. எலும்பு ஒன்றுசேர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்.

கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பு இழுபடுவதால் கீழ் உதடும் மோவாயும் மரத்துப்போகும். மோவாயில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தால்கூடத் தெரியாது. எதிரில் இருப்பவர் சொன்னால்தான் துடைப்பீர்கள். காபி சூடும் உதட்டில் உறைக்காது, ஆற்றியே குடியுங்கள். பெரும்பாலோருக்கு மாதங்களில் உணர்ச்சி திரும்பும், சிலருக்கு ஒரு பகுதி நிரந்தரமாகவே மரத்திருக்கும். வயது கூடக்கூட அந்த வாய்ப்பும் கூடும். 'ஒரு பகுதி திரும்பாமலே போனாலும் பரவாயில்லை' என்று இன்றைக்கு உங்களால் சொல்ல முடியாவிட்டால் கையெழுத்துப் போட அவசரப்பட வேண்டாம்.

படி 8: அதற்குப் பிறகு

இன்னும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் கிளிப் தொடரும், பிறகு பல் பழைய இடத்துக்கு நகராமல் பிடித்து வைக்கும் ரிடெய்னர். இரவு ரிடெய்னரைக் காலவரையின்றிப் போட வேண்டும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாய் திறக்கும் பயிற்சியை சர்ஜன் சொன்ன நாளில் தொடங்கி விடாமல் செய்யுங்கள். இரண்டாம் வருடத்தில் பழைய தசை வலி எட்டிப் பார்த்தால் ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். துண்டு, பொட்டு, பயிற்சி என்று படி 2ஐ எடுங்கள். மாறாக முன்பல் மீண்டும் விலக ஆரம்பித்தால் உடனே சர்ஜனிடம் போய் மூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இத்தனை காலத்தில் வேலையோ கல்யாணமோ உங்களை வேறு ஊருக்கோ நாட்டுக்கோ கொண்டுபோகலாம். ஆரம்ப எக்ஸ்ரே, ஸ்கேன் பதிந்த குறுந்தகடு, பல் அச்சு, ஆபரேஷன் குறிப்பு, வைத்த தகடுகளின் ஸ்டிக்கர் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் கேட்டு வாங்கி வையுங்கள். பாதிக் கிளிப்போடு வருபவரைப் புதிய டாக்டர்கள் தயங்கித்தான் ஏற்பார்கள். இந்தக் கோப்பு கையில் இருந்தால் பேச்சுவார்த்தை சுலபமாகும்.